நெற்றியில் தேய்த்து வைக்கும் விரல்

சங்கரன்கோவில் இயந்திரத்துக்குப் பயந்த ஊர் அல்ல. கோமதி அம்மன் கோயிலைத் தாண்டி, நெசவாளர்கள் குடியிருக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மனிதப் பேச்சுக்கு முன்னால் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். குழித்தறியில் கால் மிதித்து நெய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மின்சாரத்தில் ஓடும் தறிகளுக்கு நடுவே நின்று பருத்திச் சேலை நெய்கிறார்கள். எட்மண்ட் கார்ட்ரைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கியது 1785இல். அதன்பின் 1811 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் லட்டைட் தொழிலாளர்கள் இரவோடு இரவாகப் புகுந்து ஜவுளி இயந்திரங்களைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். இங்கேயோ கடன் வாங்கியாவது தறி போட்டார்கள்.

இத்தனைக்கும் விசைத்தறி அடிக்கடி நிற்கிற இயந்திரம். ஊடை இழை அறுந்தால், முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி அதை உணர்ந்து தறியை நிறுத்திவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் நூல் விட்டுப்போன கோடு ஓடும். தறிக்காரர் நிறுத்தி, அறுந்த முனையை எடுத்து, முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். நாடா பாய்வதில் கோளாறு என்றால் சத்தம் மாறும். பத்து வருஷம் தறி ஓட்டியவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் அது அவர் காதுக்குத் தெரியும். அவர் கையை மீறிப் போனால் தறி மெக்கானிக் அதே தெருவில் இருப்பார். கெடாத இயந்திரம் என்பதால் அல்ல, எங்கே கெட்டது என்று கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதாலும், கெட்டதை அங்கேயே சரிசெய்ய முடிவதாலும்தான் இந்த ஊர் தறியை நம்புகிறது.

அதே தறிக்காரரின் தாயார் ரேஷன் கடையில் விரல் வைக்கத் தயங்குகிறார். பூ மார்க்கெட்டில் சிலர் இன்னமும் ரொக்கம்தான் கேட்கிறார்கள். வயலில் 'பூச்சி', அதாவது பாம்பு, கடித்தால் மருத்துவமனைக்கு முன்னால் மந்திரிக்கப் போகிறவர்கள் சுற்றுக் கிராமங்களில் இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் 'படிக்காத சனம்' என்று ஒரே பதில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சோம்பேறித்தனமான பதில் அது. ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

ஒரு ஆச்சி வலது ஆள்காட்டி விரலைக் கண்ணாடி மேல் வைக்கிறார். இயந்திரம் கீச்சென்கிறது. அடுத்த விரல், மறுபடியும் கீச். "ஆச்சி, தலையில நல்லாத் தேச்சிட்டு வைங்க" என்கிறார் விற்பனையாளர். ஆச்சி விரலை நெற்றியிலும் முடியிலும் அழுத்தித் தேய்த்து, சேலைத் தலைப்பில் லேசாக ஒற்றி, மீண்டும் வைக்கிறார். "எத்தன தடவதான்யா வைக்க? இது என் கையே இல்லன்னுல்லா சொல்லுது." வரிசையில் சிரிப்பு எழும்புகிறது. இந்தத் தடவை விழுந்துவிடுகிறது.

நெற்றியில் தேய்த்தது மூடநம்பிக்கை இல்லை, ஒளியியல். இத்தகைய ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஒரு கண்ணாடிப் பட்டகத்தை வைத்து வேலை செய்பவை. உள்ளேயிருந்து சாய்வாக வரும் ஒளி, கண்ணாடிக்கு மேலே காற்று மட்டும் இருந்தால் முழுவதுமாகத் திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. தோலின் வரிமேடு கண்ணாடியைத் தொட்ட இடத்தில் மட்டும் அந்த எதிரொளிப்பு உடைந்து ஒளி வெளியே கசியும். அங்கே படம் கறுப்பாகும். மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் காற்று இருப்பதால் அவை வெளுப்பாகத் தெரியும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டர்தான். தோல் காய்ந்து இறுகிப் போயிருந்தால் மேடும் கண்ணாடியோடு முழுசாக ஒட்டாது. இடையில் மெல்லிய காற்று நிற்கும். தொடர்ச்சியான கோடு விழ வேண்டிய இடத்தில் புள்ளிப் புள்ளியாக விழும். உள்ளங்கைத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு, எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. நெற்றியிலும் தலையிலும் அவை நிறைய. ஆச்சி அங்கிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கடன் வாங்கி அந்தக் காற்றிடைவெளியை அடைக்கிறார். இதை அவருக்குச் சொல்லித்தந்தது எந்தக் கையேடும் அல்ல, வரிசைதான்.

மேடே தேய்ந்திருந்தால் எண்ணெய் உதவாது. கைரேகையின் அமைப்பு கரு உருவாகி மூன்றாம், நான்காம் மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதன் அச்சு மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், தேய்ந்த ரேகையும் சில வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்பி வந்துவிடும். பீடி சுற்றுகிறவருக்கு அந்தச் சில வாரம் எங்கே கிடைக்கும்? நனைத்த இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை நகத்தால் மடக்கி, நூல் கட்டி, நாளெல்லாம் அதே இரண்டு மூன்று விரல்நுனிகள்தான் உரசிக்கொண்டிருக்கும். தறிக்குத் தார் சுற்றுகிற கை, தீப்பெட்டி ஒட்டுகிற கை, சுண்ணாம்பும் சிமென்ட்டும் அள்ளுகிற கை எல்லாம் அப்படித்தான். வயதானால் தோல் மெலிந்து நெகிழ்ச்சி குறைந்து, மேடும் தணிந்துவிடுகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்பசிட்டபின் என்ற மாத்திரை சிலருக்கு ரேகையையே அழித்துவிடுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், நாற்காலி வேலை பார்க்கும் நடுவயதுக்காரரின் விரலோ முதல் தடவையிலேயே விழும். ரேஷன் அரிசி யாருக்கு அதிகம் தேவையோ அவருடைய விரல்தான் இயந்திரத்துக்கு அதிகம் பிடிக்காத விரல்.

கைரேகையை அடையாளமாக வைக்கும் பழக்கம் நம் நாட்டில்தான் வேர் பிடித்தது என்பது இங்கே ஒரு கிளைக்கதை. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்கு ஜல்லி தர ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்னால் பதித்துக்கொண்டார். பிற்பாடு நான் கையெழுத்துப் போடவில்லை என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். கல்கத்தாவில் 1897இல் திறந்த ரேகைப் பிரிவில் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் உருவாக்கிய வகைப்பாட்டு முறைக்கு, அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்து ரேகை, சந்தேகம் வந்தால் நிபுணர் எடுத்துப் பார்ப்பதற்கானது. அன்றாட அரிசிக்கு அது வாசல்கதவாக இருக்கவில்லை.

இயந்திரம் விரலை எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகும். அது படத்தைப் படமாக ஒப்பிடுவதில்லை. கோடு முடிகிற இடம், ஒரு கோடு இரண்டாகப் பிரிகிற இடம் என்று சில டஜன் புள்ளிகளைக் குறித்து, அவை பழைய பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. ஒரே விரலை இரண்டு தடவை வைத்தாலும் மதிப்பெண் அப்படியே வராது. அழுத்தம், சாய்வு, ஈரம் எல்லாம் மாறும். ஆகவே 'இந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் சரி' என்று யாரோ ஓர் எல்லை வைக்க வேண்டும். சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கினால் கல் விழாது, ஆனால் நல்ல மாவும் மேலேயே நின்றுவிடும். எல்லையை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், உரியவரைத் திருப்பி அனுப்புவது கூடும். தாழ்த்தினால் நேரெதிர். இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்கும் எல்லை எந்த இயந்திரத்திலும் கிடையாது. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல என்பதை இந்தத் துறைக்காரர்களே சொல்வார்கள்.

விரல் சரியாக விழுந்தாலும் வேலை முடிவதில்லை. கடை இயந்திரத்தில் சார்ஜ் இருக்க வேண்டும். செல்போன் கோபுரத்தின் சிக்னல் வேண்டும். பதிவுகள் உள்ள தொலைதூர சர்வர் விழித்திருக்க வேண்டும். பதில் திரும்பி வர வேண்டும். பலவீனமான பல தொழில்நுட்பங்கள் ஒரே கணத்தில் ஒன்றாக வேலை செய்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும் என்று பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து படிகள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் சேர்ந்து சரியாக நடப்பது நூற்றுக்குச் சுமார் 95 தடவைதான். ஒவ்வொரு படியும் 95 என்றால் மொத்தம் 77க்கு இறங்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா உறுப்பும் நல்ல உறுப்பு, சேர்த்துப் பார்த்தால் நாலில் ஒருவர் வெறும் பையோடு நிற்கிறார்.

நிஜத்திலும் எண்கள் அப்படித்தான் இருந்தன. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ஆதார் அங்கீகாரத் தோல்வியை ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 என்று குறிப்பிட்டது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே அரசுச் சேவைகளில் அங்கீகாரம் வெற்றி பெறும் விகிதம் 88 சதவீதம் என்று சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் 88 வாங்கினால் கொண்டாடுவோம். ஆயிரம் அட்டை உள்ள கடையில் மிச்சம் 120 அட்டை. அந்த 120 சீட்டுக் குலுக்கி விழுவதும் அல்ல. எல்லோருக்கும் எட்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொல்லை என்றால் சகித்துக்கொள்ளலாம். தேய்ந்த விரல்காரருக்குத்தான் மாதா மாதம் தோல்வி வருகிறது. சராசரி இதை மறைத்துவிடும். நகரத்தில் இருந்து இந்த 88ஐப் பார்க்கிறவருக்கும் பீடித்தட்டை மடியில் வைத்திருப்பவருக்கும் ஒரே இயந்திரம் இரண்டு வேறு இயந்திரங்களாக இருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டின் நிலைமை ஜார்க்கண்ட் மாதிரி இல்லை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தது. வீட்டில் யார் விரல் விழுகிறதோ அவர் வைக்கலாம். வர முடியாத முதியவர் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். சில ஆண்டுகளாகக் கருவிழி ஸ்கேனர்களும் வந்துகொண்டிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுவாசலுக்கே போக ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், இந்த ஊரில் ரேஷன் இயந்திரம் பெரிய சண்டையாக மாறாததற்குக் காரணம் இயந்திரத்தின் திறமை இல்லை. பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருப்பதுதான்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரே தொழில்நுட்பத்தை இரண்டு மாநிலங்களில் சோதித்திருக்கிறார்கள். பழைய ஆந்திரப் பிரதேசத்தில், சுமார் 1.9 கோடிப் பேர் வாழும் மண்டலங்களில், ஊரக வேலைத்திட்டக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் கைரேகை ஸ்மார்ட் கார்டு வந்தது. விரல் விழாவிட்டால் பணம் கிடையாது என்று அங்கே கறாராக இருக்கவில்லை. பணம் சீக்கிரம் வந்தது, இடையில் கசிவது குறைந்தது. பயனாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் புது முறையே வேண்டும் என்றார்கள். ஜார்க்கண்டில் ரேஷனுக்கு அதே மாதிரியான முறை கட்டாயமாக வந்தது. அங்கே முன்கூட்டியே ஆதாரை இணைத்திராதவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து சதவீதம் குறைந்தது. திருட்டு உடனே குறைந்ததாகத் தெரியவில்லை. விரலும் நாடும் ஒன்று. மக்களின் விருப்பும் வெறுப்பும் மட்டும் இரண்டாகப் பிரிந்து நின்றது மாற்றுவழி இருந்ததா இல்லையா என்பதில். மத்திய உணவு அமைச்சகமே 2017 அக்டோபர் 24 அன்று, விரல் விழவில்லை, ஆதார் இல்லை என்ற காரணங்களுக்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது.

உளவியல் ஆய்வகத்திலும் இதே விஷயம் வேறு உருவில் கிடைக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி டீட்வர்ஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கணிப்புச் சொல்லும் ஒரு கணினி நிரலையும் கணிக்கும் மனிதரையும் அருகருகே வைத்தார்கள். நிரல் தவறு செய்வதை ஒருமுறை பார்த்தவர்கள், அது மனிதரைவிடக் குறைவாகவே தவறினாலும், அதைக் கைவிட்டு மனிதர் பக்கம் சாய்ந்தார்கள். மனிதத் தவறுக்கு மன்னிப்பு உண்டு. இயந்திரத்துக்கு ஒரு வாய்ப்புதான். இதை நம் ஆட்களின் குறையாகவும் படிக்கலாம், அது சரியும்கூட. ஆனால் அதே குழு பிறகு செய்த இன்னொரு சோதனையில், நிரல் சொல்லும் விடையைக் கொஞ்சமே கொஞ்சம் திருத்திக்கொள்ள அனுமதித்தபோது, மக்கள் அதை மனமுவந்து பயன்படுத்தினார்கள். எவ்வளவு திருத்தலாம் என்பதுகூட அவர்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. கைக்குள் ஒரு பிடி இருந்தால் போதும். தறி நின்றால் முடிச்சுப் போடத் தெரிந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது.

பணப் பரிமாற்றத்துக்கு வருவோம். 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ, பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆரம்பத்தில் வியாபாரிகளின் பயம் நியாயமானது: வாங்கியவர் தன் போனைத் திருப்பிக் காட்டும் பச்சை டிக், நிஜப் பணமா, நேற்று எடுத்த படமா? முழம் போடுகிற கையோடு ஒவ்வொரு தடவையும் தன் போனை எடுத்துப் பார்க்க முடியுமா? இதைத் தீர்த்தது பிரசாரம் அல்ல, ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. வாங்கியவரின் போனைத் தொடாமல், சர்வரிலிருந்து நேராகச் செய்தி வாங்கி, தொகையைத் தமிழில் உரக்கச் சொல்கிறது. பொய் சொல்ல வாய்ப்புள்ளவரிடமிருந்து சாட்சியைப் பிரித்துவிட்டதுதான் அதன் சாமர்த்தியம். ஊடை அறுந்ததைச் சொல்லும் கம்பியின் வேலையை இங்கே அந்தக் குரல் செய்கிறது.

அப்படியும் சிலர் இடுப்புப் பையில் ரொக்கத்தை விடுவதில்லை. 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறியது. பணம் போனதா என்று வங்கிகள் திரும்பத் திரும்ப விசாரித்த கோரிக்கைகளே அமைப்பை மூச்சுத் திணற வைத்தன என்பது ஏப்ரல் கோளாறில் தெரியவந்தது. ஒரு தறி நின்றால் பக்கத்துத் தறி ஓடும். நடுவில் ஒரே மையம் இருந்தால் சங்கரன்கோவிலும் சண்டிகரும் ஒரே நிமிடத்தில் நிற்கும். கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு, கடைக்காரருக்கு உறுதி வராமல் தொங்கும் தொகையை ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. விதி நல்லதுதான். விடியலில் பறித்த மல்லிகை ஐந்து நாள் காத்திருக்காதே.

இதுவரை தயங்குகிறவர்கள் பக்கமே பேசிவிட்டேன். தயக்கம் உயிரைக் குடிக்கிற இடமும் இதே ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது.

சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் வழிபட்ட தலம் இது என்பது தலபுராணம். இங்கே பிரசாதம் புற்றுமண். தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் அதை நெற்றியில் பூசுவதும் உட்கொள்வதும் தலைமுறை வழக்கம். கறையான் கட்டிய மண்ணுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆட்சேபம், கடிபட்டவரை வைத்துக்கொண்டு மந்திரிப்பு, பச்சிலை, பார்வை பார்ப்பது என்று கரைக்கிற முதல் இரண்டு மணி நேரத்தின் மீதுதான். 2020இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அதற்கு முந்தைய தேசிய ஆய்வில், இறந்தவர்களில் 77 சதவீதத்தினர் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்திருந்தார்கள்.

புத்திசாலிகளான மனிதர்கள் ஏன் மந்திரத்தை நம்புகிறார்கள்? மந்திரம் பெரும்பாலும் 'பலிப்பதால்'. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பாம்புக்கடிகள்; அவற்றில் விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்குத்தான். மற்றவர்களைக் கடித்தது விஷமில்லாத சாரையோ தண்ணீர்ப் பாம்போ ஆக இருக்கும், அல்லது நல்ல பாம்பே கடித்தும் விஷத்தை இறக்கியிருக்காது. ஆக, எதுவுமே செய்யாமல் வேப்பிலை அடித்தாலும் இரண்டில் ஒருவர் எழுந்து நடப்பார். அந்த ஒருவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் சொல்ல வர மாட்டார். மருத்துவமனையின் கதை தலைகீழ். மந்திரித்தும் மோசமான பிறகே அங்கே கொண்டுபோவதால், அங்கே இறப்பு அதிகம் கண்ணில் படும். 'ஆஸ்பத்திரிக்குப் போனான், செத்தான்.' கண்ணால் பார்த்ததை வைத்து நேர்மையாகக் கணக்குப் போட்டும் தப்பான விடை வருகிற இடம் இது.

விஷமுறிவு மருந்து, சொல்லப்போனால், இந்த மண்ணின் தொழில்நுட்பம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷம்தான் நாட்டின் மருந்து உற்பத்திக்கு முக்கிய ஆதாரம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். கடித்தது எது என்று தெரியாமலேயே இந்த மருந்தைக் கொடுக்கலாம். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனையில் செய்யும் முதல் சோதனை எவ்வளவு எளிது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தணியும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக வழிந்தால் ரத்தம் உறையும் தன்மையை விஷம் தின்றுவிட்டது என்று பொருள். உடனே மருந்து ஏறும். இதற்குச் சர்வரும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். மருந்தால் சிலருக்கு நடுக்கமும் தடிப்பும் அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரும் என்பது உண்மை. அதனால்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றுகிறார்கள். கட்டுவிரியன் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாமல் தூக்கத்தில் கடித்துவிடும். அதன் விஷம் நரம்பு முனைகளைச் சிதைத்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தாலும் அதைச் சட்டென்று திருப்ப முடியாது, செயற்கைச் சுவாசத்தில் நாள்கணக்கில் கிடக்க வேண்டியதுதான்.

ரேஷன் இயந்திரத்தை நம்பாமல் இன்னொரு வழி கேட்கிறவர் இழப்பது பத்து நிமிடம். நம்பி ஏமாந்தால் இழப்பது ஒரு மாத அரிசி. தயக்கம் அங்கே சரியான கணக்கு. விஷக்கடியில் தயங்கினால் இழப்பு உயிர், நம்பினால் ஓர் இரவுக் கண்காணிப்பு. ஒரே மனசு, ஒரே தயக்கம். ஓரிடத்தில் அதற்கு முழு மதிப்பெண் போடுவேன், இன்னோரிடத்தில் பூஜ்யம்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையும் தெரிவித்தாக வேண்டும். கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கடிவாயில் எதையும் அப்பாதீர்கள். கை கால் அசையாமல் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளி நாகத்தைக் குணமாகி வந்த பிறகு செலுத்தலாம். விஷமுறிவு மருந்துக்கு அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.